அசோகன் ஏறாத மாடி

சென்னையில் எந்தச் சந்தாக இருந்தாலும், எத்தனாவது மாடியாக இருந்தாலும் அசோகன் ஐஸ் பெட்டியை ஏற்றிவிடுவான் என்று சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. எங்கள் ராயப்பேட்டையில், எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்னால் நகர்ந்து வழி விடவேண்டிய சந்துகள் உண்டு. மயிலாப்பூரில் மிதித்தாலே முனகுகிற மரப்படிகள் உண்டு. அடையாறு அடுக்குமாடிகளில், நாலு பேர் நின்றால் கதவு மூடாத லிஃப்ட் உண்டு. அங்கெல்லாம் அவன் ஏறியிருக்கிறான். தூரத்து உறவு வந்து சேரும்வரை இறந்தவரை வைத்திருக்கிற அந்தக் குளிர்ப்பெட்டியோடு எங்கும் ஏறுகிறவன் வருஷக்கணக்கில் ஏறாமல் இருந்த மாடி ஒன்றே ஒன்றுதான். அதில் அவன் பெற்ற பெண் குடியிருந்தாள்.

என் பெயர் பீர் முஹம்மது. ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அசோகனுடைய பெட்டியைச் செய்து கொடுத்தவன் நான்தான். ஆகவே அவனைத் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மூன்று தடவை திட்டுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவன். எனக்குப் பழக்கமானபோது மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் வைத்த அந்த மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பார்களைச் சாக்கில் சுற்றி ஏற்றி, மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் போடுவான். எங்கள் தெருமுனை ஜூஸ் கடையில் ஐஸை இறக்கிவிட்டு என் கடை வாசலில் நின்று டீ குடிப்பான். வாய் ஓயாது. மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வீட்டில் வயதான அப்பாவும் ஒரே மகள் தமிழ்நிலாவும்தான். ஆனாலும் அவன் வந்து நின்றால் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

பெரிய வெள்ளத்தில் குடிசை போனது. கொஞ்ச நாளில் கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அசோகனுக்கு ஆறாவது மாடி. “இனிமே ஆத்துத் தண்ணி என்னாண்ட வர்றதுன்னா அதுக்கே மூச்சு வாங்கும் பாய்” என்று சொல்லிச் சிரித்தான். மூச்சு வாங்கியது அவனுக்குத்தான். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. வேலையெல்லாம் ஊருக்குள்ளே, வீடு மட்டும் அங்கே. அவன் போய்ச் சேருவதற்குள் மகள் தூங்கிப்போயிருப்பாள்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் அவன் அப்பா இறந்துபோனார். அக்கா சூரத்தில் இருந்தாள். ரயிலேறி வந்து சேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதே என்று போனில் கதறினாள். அசோகன் ஐஸ் பெட்டிக்குச் சொன்னான். வண்டியும் வந்தது. அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. வந்த ஆள் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். “இதுல ஏறாது தலைவா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அசோகன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் ஃபாக்டரிக்குப் போனான். தினமும் மீனுக்குப் போடுகிற அதே ஐஸைத் தோளில் சுமந்து ஆறு மாடி ஏற்றி அப்பாவைச் சுற்றி அடுக்கினான். உருகிய தண்ணீர் வாசலைத் தாண்டிப் படியில் வழிந்தது. கீழ் மாடியிலிருந்து யாரோ, “மேல இன்னாய்யா ஒழுவுது?” என்று கத்தினார்கள். விஷயம் தெரிந்ததும் சத்தம் அடங்கியது. ஒவ்வொரு மாடிக்காரர்களும் பழைய சாக்கையும் துணியையும் கொண்டுவந்து படியில் போட்டார்கள். தமிழ்நிலா அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். அவள் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டே இருந்தாளாம். “எங்கப்பாவ மீனு மாரி வச்சேன் பாய்” என்று அசோகன் பிறகு என்னிடம் சொன்னான்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தவன் டீ கேட்கவில்லை.

“பாய், படி ஏர்ற மாரி ஒரு பெட்டி பண்ண முடியுமா?”

“பெட்டி இன்னா ஆட்டுக்குட்டியாடா, படி ஏற? போய் வேலையப் பாரு.”

“அந்தாளு ஏறாதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டான் பாய். எங்க பில்டிங்ல மட்டும் எத்தினி பெருசுங்க கீதுங்க தெரியுமா? அதுங்களுக்கெல்லாம் நாளைக்கி யாரு ஐஸ் தூக்குறது?”

கஷ்டத்தில் வாய்ப்பைத் தேடு என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பேசுகிறவர் அநேகமாகக் கஷ்டத்தை எட்டி நின்று பார்த்தவராக இருப்பார். அசோகன் எந்த வாய்ப்பையும் தேடவில்லை. அவன் கண்ணில் படியில் வழிந்த தண்ணீர்தான் நின்றது. அதை இன்னொரு வீட்டில் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், அவ்வளவுதான். தொழில் பிறகு தானாக வந்து சேர்ந்துகொண்டது.

அவனைத் துரத்திவிட்டேனே ஒழிய எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கமான பெட்டியில் கம்ப்ரஸர் அடியிலேயே இருக்கும். கனமே அதுதான். அதைத் தனியாகப் பிரித்தால் பெட்டியை இரண்டு பேர் தூக்கலாம். ஆனால் கேஸ் குழாயை வீட்டுக்கு வீடு கழற்றி மாட்ட முடியாது, கேஸ் போய்விடும். கடைசியில் கம்ப்ரஸர் ஒரு டப்பாவில், பெட்டி தனியாக, நடுவே ரப்பர் குழாய் வைத்து அதில் குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஓடவிட்டேன். முதல் பெட்டி ஒழுகியது. இரண்டாவது குளிரவில்லை. மூன்றாவதில் அசோகனே படுத்துப் பார்த்துவிட்டு, பல் கிட்டிக்க எழுந்து வந்து, “சூப்பர் பாய்” என்றான். என் மனைவி ஹாஜிரா பீ அதைப் பார்த்து, “யா அல்லாஹ், உசுரோட கீற மனுஷன் படுக்குற எடமா இது!” என்று இரண்டு பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

பெட்டி தயார். வைக்க இடம் இல்லை. இந்த மாதிரி பெட்டி என்று தெரிந்ததும் எந்த வீட்டுக்காரரும் ஷெட் தரவில்லை. ஒருவர் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் பெட்டியைப் பார்த்ததும் அதை அப்படியே திருப்பிக் கையில் திணித்தார். கடைசியில் என் கடையிலேயே பாதியை ஒழித்துக் கொடுத்தேன். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அந்தப் பெட்டிக்கு வேலை குறைவு. யாராவது மௌத்து ஆனால் முடிந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவோம். ஆனாலும் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஹாஜிரா பீயும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவளேதான் அவனுக்கும் சேர்த்து டீ கொடுத்தனுப்பினாள்.

அவன் குடியிருப்பிலிருந்துதான் முதல் அழைப்பு வந்தது. அப்புறம் ராயப்பேட்டை, மயிலாப்பூர், திருவான்மியூர் என்று பெயர் பரவியது. ஒரு பெட்டி நாலு பெட்டியானது. மீன்பாடி வண்டி போய் குட்டி யானை லோடு வண்டி வந்தது. சேட்டு என்று பழைய ஆற்றங்கரைக் கூட்டாளி ஒருவனைக் கூடச் சேர்த்துக்கொண்டான். மகளைக் காலேஜ் சேர்த்தான். போன் எடுத்ததும் அவன் கேட்பது ஒரே கேள்விதான். “எத்தினாவது மாடி?” என்பான். யார், எப்படி, என்ன வயசு என்று எதையும் கேட்கமாட்டான்.

ஆனால் அவன் நம்பரை அவன் பெயரில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். போனில் அப்படி ஒரு நம்பர் இருப்பதே அபசகுனமாம். ஒருவர் ‘ஃப்ரிட்ஜ் மெக்கானிக்’ என்று வைத்திருப்பார், இன்னொருவர் ‘தண்ணி கேன்’ என்று வைத்திருப்பார். தண்ணி கேன் வேண்டும் என்று அவனுக்கே போன் செய்து, அவன் குரலைக் கேட்டதும் அலறிப்போய் போனை வைத்தவர்களும் உண்டு. இதையெல்லாம் என்னிடம் சொல்லி அவனே சிரிப்பான்.

சிரிப்பு குறைந்தது மெதுவாகத்தான். துக்க வீட்டில் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. அது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நாம் எப்போதாவது ஒரு நாள் அப்படிப் பேசாமல் கிளம்புவோம். அவனுக்கு அது தினப்படி வேலை. பெட்டியை வைத்து, குழாயை மாட்டி, குளிர் ஏறுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிடுவான். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான். நாளாக ஆக, போகிற இடத்திலெல்லாம் அதே பழக்கமாகிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பான், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டான். “வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னாடா? என் கடை இன்னா எழவு வீடா?” என்று கத்துவேன். தெருவில் நின்று கையை மட்டும் ஆட்டுவான்.

இன்னொரு பழக்கமும் வந்தது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவன் கண் முதலில் படிக்கட்டுக்குத்தான் போகும். அகலம் என்ன, திருப்பத்தில் பெட்டி திரும்புமா, கைப்பிடி இடிக்குமா என்று தானாக அளந்துவிடும். சினிமா தியேட்டரில்கூட அப்படித்தான். தொழில் செய்கிற எவனுக்கும் இருக்கிற பழக்கம். நானும் யார் வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ் சத்தத்தைத்தான் முதலில் கேட்பேன். என்னை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

வெள்ளைத்துரை என்று அவனுடைய ஆற்றங்கரைச் சிநேகிதன். மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் நோயாகப் படுத்திருந்தான். அசோகன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனான். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறான். வெள்ளைத்துரையின் மனைவி மேலே நின்று அதைக் கவனித்துவிட்டாள். அந்த வாரமே வெள்ளைத்துரை இறந்துபோனான். துக்கத்துக்குப் போன அசோகனை அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “பாக்க வந்தியா, அளவெடுக்க வந்தியாய்யா? நீ வந்து அளந்துட்டுப் போனப்பவே என் தாலி போச்சு!” என்று தெருவே கூடும்படி கத்தினாள்.

பாவம், அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு யாரையாவது திட்டவேண்டியிருந்தது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் சொன்னதை இந்த மடையன் நம்பிவிட்டான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து, தன் வீட்டைத் தவிர, உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டு மாடிப்படியை அவன் மிதிக்கவில்லை.

அப்போதுதான் தமிழ்நிலாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை நெடுஞ்செழியன், தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவன். அப்பா இல்லை. அம்மா தேவானை பாண்டி பஜாரில் ஹேர் க்ளிப், வளையல், ரிப்பன் கடை போட்டிருந்தார். கடை என்றால் தள்ளுவண்டிதான். ஆனால் அந்தம்மா குரலைக் கேட்டால் அந்தத் தெருவே அவர் கடை என்று நினைத்துக்கொள்வீர்கள். பெண் பார்க்க வந்தபோது அசோகன் எதையும் மறைக்கவில்லை. தொழில் இன்னது என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

தேவானையம்மா சிரித்தார். “அதுக்கு இன்னாத்துக்கு சம்பந்தி தலையத் தொங்கப் போட்டுகினு? யாராச்சும் செஞ்சுதானே ஆவணும். நாளைக்கி எனக்கும் நீங்கதான் கொண்டாரணும், சொல்லிட்டேன். வேற ஆளு தூக்கினு வந்தா நான் படுக்கவே மாட்டேன்!”

எல்லோரும் சிரித்தோம். அசோகன் முகம் வெளுத்துவிட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறு வாரம் மகளையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைப்பதற்காகப் பழம், பூ, ஸ்வீட்டோடு தி.நகர் போனான். உஸ்மான் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒடுக்கமான கட்டடம், இரண்டாவது மாடி. கீழே செருப்பை விட்டான். முதல் படியில் கால் வைத்தான். கண் மேலே, படி வளைகிற இடத்துக்குப் போனது. அவன் தடுப்பதற்குள் மனசு சொல்லிவிட்டது: பெட்டி திரும்பும்.

காலை எடுத்துவிட்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு சந்துக்கு வந்து நின்று மகளைக் கீழே கூப்பிட்டான். பையைக் கொடுத்தான். ‘வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

“திரும்பும்னு தோணிச்சு பாய். என் பொண்ணு வூட்டுப் படிய அளந்துட்டேன் பாய்.”

“உன் கண்ணு அளக்கும்டா, அது உன் வேலை. அளந்தா எவனாச்சும் செத்துடுவானா? நீ இன்னா எமனா? ஐஸ் வண்டி ஓட்டினவன்டா நீ!”

“தெர்ல பாய். எனக்குத் தெர்ல. ஆனா நான் ஏற மாட்டேன்.”

மூன்று வருஷம் ஏறவில்லை. மகளைப் பார்க்காமல் இருந்தான் என்று இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது போவான். சந்தில் நின்று குரல் கொடுப்பான். அந்த வீட்டில் காய்கறி வாங்குவதற்காகக் கயிறு கட்டிய கூடை ஒன்று பால்கனியில் தொங்கும். அதை இறக்கச் சொல்லி, வாங்கிவந்த பழத்தை அதில் வைத்து அனுப்புவான். பேரன் பிறந்தான். வளைகாப்புக்கும் அவன் மேலே போகவில்லை, பெயர் வைத்த அன்றைக்கும் போகவில்லை. குழந்தையைக் கீழே தூக்கிவந்து காட்டினார்கள். சந்தில் ஸ்கூட்டருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே நின்று பேரனைக் கொஞ்சினான்.

தேவானையம்மா விடுகிற ஆள் இல்லை. பால்கனியில் நின்று சத்தமாகக் கூப்பிடுவார். “இன்னா சம்பந்தி, கீழயே நின்னுகினுகீறீங்க? மேல வாங்க. எறா தொக்கு பண்ணிகீறேன், சூடா கீது.”

“இன்னொரு நாள் சம்பந்திம்மா, வண்டி நிக்குது.”

“அப்ப கூடைல எறக்கணுமா? நீங்க இன்னா எனக்குக் கீரைக்காரரா, கூடைல சோறு அனுப்ப? மேல ஏறி வந்தா என் கையால போடுவேன். இல்லனா கெடையாது!”

அவன் பழம் கூடையில் மேலே போகும். அவருடைய தொக்கு ஒரு நாளும் கீழே வரவில்லை. அதன் வாசனை மட்டும் வரும். ‘சம்பந்திம்மா தொக்கு வாசனை தெருமுனை வரைக்கும் வருது பாய்’ என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டு ஹாஜிரா பீ கொடுத்த டீயைக் குடிப்பான்.

தமிழ்நிலா ஒரு தடவை என் கடைக்கே வந்துவிட்டாள். “பாய், எங்க நைனாவுக்கு என்மேல கோவமா?” என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்று கேட்டாள். அவன் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். எப்படிச் சொல்வது, உன் வீட்டுப் படியைப் பார்த்து உன் அப்பனுக்குப் பயம் என்று? வேலைக் களைப்பு, அது இது என்று மழுப்பினேன். நம்பாமல் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவனைப் பிடித்து, “நாளைக்கி உன்ன நானே இஸ்துகினு போறேன்” என்றேன். போனேன். சந்து முனை வரை வந்தவன், போன் வந்த மாதிரி பாவனை செய்து குட்டி யானையில் ஏறி ஓடிவிட்டான்.

போன வருஷம் ஆடி மாதம். தள்ளுபடிக் கூட்டம் தி.நகரையே மூழ்கடித்திருந்தது. தேவானையம்மா மத்தியானம் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அசோகன் அப்போது என் கடையில் ஒரு பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. மாப்பிள்ளையின் அழுகுரல் எனக்கே கேட்டது. “மாமா... அம்மா போய்ட்டாங்க மாமா. தம்பி துபாய்லேந்து வரணும். மாமா, நீங்க...” மேலே பேச அவனால் முடியவில்லை. மாமாவைக் கூப்பிடுகிறானா, ஐஸ் பெட்டியைக் கூப்பிடுகிறானா என்று அந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை.

அசோகன் எத்தனாவது மாடி என்று கேட்கவில்லை. “வரேம்பா” என்றான்.

நான் கையைப் பிடித்தேன். “நீ சம்பந்திடா. ஒரு மாலைய வாங்கினு மனுஷனா போ. பெட்டிய சேட்டு கொண்டு வரட்டும்.”

“இல்ல பாய். அவங்க என்னையத்தான் கொண்டாரச் சொன்னாங்க. நீகூட இருந்தியே.”

கடையைச் சாத்திவிட்டு நானும் வண்டியில் ஏறினேன்.

சந்து முழுக்க ஜனம். வழி விட்டார்கள். அசோகன் முன்பக்கத்தைப் பிடித்தான், சேட்டு பின்பக்கம். கம்ப்ரஸர் டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். முதல் மாடி ஏறியாயிற்று. அதற்கு மேல் படி வளைகிறது. சேட்டு மூச்சிரைக்க, “திரும்புமாண்ணே?” என்றான்.

“திரும்பும்” என்றான் அசோகன்.

திரும்பவில்லை.

கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் இடித்தது, சுவர் மறு பக்கம் இடித்தது. முன்னே தள்ளினார்கள், பின்னே இழுத்தார்கள். பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் அவன் கண் தப்பாக அளந்து நான் பார்த்ததே இல்லை. அசோகன் கைப்பிடியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு என்ன புரிந்தது என்று எனக்கும் புரிந்தது. அந்தப் படியில் நின்று அதைப் பேச முடியாது. கடைசியில் கண்ணாடி மூடியைக் கழற்றி, பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சுவரில் உரசிக்கொண்டே மேலே ஏற்றினோம். ஒரு முழம் நீளத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது.

மூன்று வருஷமாக மகள் அழைத்த வீட்டுக்குள் அப்படித்தான் அசோகன் முதல் தடவையாகக் காலெடுத்து வைத்தான். தேவானையம்மாவை அவனே தூக்கிப் படுக்க வைத்தான். குழாயை மாட்டினான். உள்ளே கையை வைத்துக் குளிர் பார்த்தான். முடிந்ததும் கால் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்தது. படியில் இறங்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

“நைனா!” என்று தமிழ்நிலா உள்ளேயிருந்து கத்தினாள். “இப்பவும் போறியா?”

நின்றான். திரும்பி வந்தான். சம்பந்தியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தான். வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். அவன் அப்பா செத்ததற்குக்கூட இப்படி அழுததாக எனக்குத் தெரியாது. மறுநாள் துபாய்ப் பிள்ளை வந்து எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இந்தத் தடவை கையில் பெட்டி இல்லை. அசோகன் என் முன்னால் விறுவிறுவென்று ஏறினான். படத்துக்கு மாலை போட்டு, அந்தம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் செய்து படைத்திருந்தார்கள். எறா தொக்கும் இருந்தது. தமிழ்நிலா அப்பனுக்கு இலை போட்டு அதை முதலில் பரிமாறினாள். ஒரு வாய் வைத்தான். மென்றுகொண்டே இருந்தான்.

“நல்லாக்கீதா நைனா?”

“நல்லாக்கீதும்மா.” இன்னொரு வாய் எடுத்துவிட்டு, “அவங்க பண்ணாலும் இப்டித்தான் இருக்குமா?” என்று கேட்டான்.

தமிழ்நிலா பொய் சொல்லியிருக்கலாம். அவள் மறைக்கத் தெரியாதவள். “இல்ல நைனா” என்றாள். “அத்தை செஞ்சா வேற மாரி. எனக்கு அந்த ருசி வர்ல.”

அவன் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

கிளம்பும்போது வாசலில் நின்று, உள்ளே பார்த்து, “போயிட்டு வரேன்” என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மகளும் மாப்பிள்ளையும் “போயிட்டு வா நைனா”, “வாங்க மாமா” என்றார்கள். அவன் நகரவில்லை. இன்னொரு குரலுக்காக நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு இறங்கினான்.

திருப்பத்தில் நின்றான். சுவரில் பெட்டி உரசின இடம் அப்படியே இருந்தது. அதில் கையை வைத்துத் தடவினான்.

“தப்பா அளந்துட்டேன் பாய்” என்றான். “மொதல்லயே தப்பு.”

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அடப்பாவி, எந்த அளவைக் கண்டு மூன்று வருஷம் சந்தில் நின்றாயோ அந்த அளவே சரியில்லையேடா, அந்தம்மா கரடியாய்க் கத்தினாரே, நான் கத்தினேனே என்று திட்டத்தான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சிமெண்ட் பூசிவிடலாம் என்றேன்.

“வேணாம் பாய், அப்டியே கெடக்கட்டும்” என்றான். கையை எடுக்கவில்லை. “சூடா கீதுன்னு சொன்னாங்க பாய். ஒருவாட்டி ஏறிருக்கலாம்.”